நாலு விரல் குட்டையான கல்

போடியிலிருந்து மலையுச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏறும் பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருத்தி சாக வேண்டும்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதுதான் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டவளுக்கு அந்தப் பாரம் செத்த பிறகும் தீராது என்று ஊரில் நம்பினார்கள். அதனால் அவள் பேரைச் சொல்லி வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் போட்டு வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அந்தக் குறுக்குக் கல்லில் சுமையைத் தள்ளி வைத்து மூச்சு வாங்கலாம். பிறகு கல்லை ஒட்டி நின்று மறுபடி தலைக்கு இழுத்துக்கொண்டு நடக்கலாம். இறக்கிவிட ஆள் வேண்டாம், தூக்கிவிட ஆள் வேண்டாம். ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் செத்தவளின் பாரம் ஒரு நெல்மணி அளவு குறையுமாம். நல்ல புண்ணியம்தான். அந்தப் புண்ணியத்துக்கு முன்னால் ஒரு பிணம் விழுந்தாக வேண்டும் என்பதுதான் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

முந்தல் அடிவாரத்தில் தொடங்கி மெட்டு வரைக்கும் அப்படி மூன்று கற்கள் இருந்தன. வீரலட்சுமி கல், கருப்பம்மாள் கல், சோலையம்மாள் கல். மலைக்கு அரிசியும் உப்பும் சுமந்து போய், ஏலக்காயைச் சுமந்து இறங்கும் பெண்கள் தூரத்தையே இந்தப் பேர்களால்தான் அளந்தார்கள். வீரலட்சுமியில் வெற்றிலை போடுவார்கள், கருப்பம்மாளில் கஞ்சி குடிப்பார்கள். சோலையம்மாளைத் தாண்டினால் மெட்டு வரைக்கும் ஒன்றும் கிடையாது. பாதையிலேயே செங்குத்தான ஏற்றம் அதுதான். அங்கே ஏன் கல் இல்லை என்று கேட்டால், "அங்கன யாரும் சாகலையே" என்பார்கள், என்னவோ அந்த இடம் கொடுத்துவைத்தது போல.

அங்கேயும் ஒருத்தி செத்திருந்தாள். அது கன்னையன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கன்னையனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலத்தில் அவனும் மலைக்குச் சுமை தூக்கியவன். மனைவி மொக்கம்மாள் போன பிறகு மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உளியும் சுத்தியலும் பழகிக்கொண்டு ஜில்லா போர்டு ரோட்டு வேலையில் சேர்ந்தான். தேவாரம் ரோட்டில் மதகு கட்டினான், மைல்கல் செதுக்கினான். எட்டு வயதுப் பெண் செல்லக்கிளியைத் தனி ஆளாக வளர்த்தான். அவளுக்குக் கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டு, தானே களி கிண்டி ஊட்டினான். மறு கல்யாணத்துக்கு வந்த பேச்சையெல்லாம் தட்டிக்கழித்தான். "பொண்டாட்டி மேல எம்புட்டு உசுரு வச்சிருந்தா இப்பிடி இருப்பான்!" என்று ஊர் மெச்சியது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவான்.

செல்லக்கிளியை முந்தலில் ஆயம்மாள் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தான். ஆயம்மாள்தான் சுமைகாரப் பெண்களுக்கு முன்னோடி. அவள் நடந்தால் மற்றவர்கள் நடப்பார்கள், அவள் நின்றால் நிற்பார்கள். அவள் மகன் சோணை மலையில் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலையில் இருந்தான். செல்லக்கிளிக்கு இப்போது ஏழாம் மாதம். ஒன்பதாம் மாதம் வரைக்கும் சுமை தூக்குவது அந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. போதும் நிறுத்து என்று கன்னையன் சொன்னால், "எங்காத்தா தூக்கலையா? மேல போனாத்தான் அவுக மொகத்தையும் பாக்க முடியுது" என்று சிரிப்பாள்.

தில்லியில் தர்பார் நடந்ததற்கு மறுவருஷம், மெட்டுப் பாதையைச் செப்பனிடுவதற்குப் போர்டில் பணம் ஒதுக்கினார்கள். வேலையைப் பார்க்க ஓவர்சியர் சுருளிவேல் வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். எதையும் தானே செய்து பார்த்தால்தான் நம்புகிற ரகம். வந்த இரண்டாம் நாள் அரை மூட்டை அரிசியைத் தன் தலையில் ஏற்றச் சொல்லி முந்தலிலிருந்து பெண்களோடு நடந்தார். கோட்டும் சும்மாடுமாக அவர் தள்ளாடிப் போன கோலத்தைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்று கல்லிலும் இறக்கி ஏற்றிக்கொண்டு ஒருவழியாக வந்துவிட்டார். சோலையம்மாள் கல்லைத் தாண்டி முந்நூறு அடி வைத்திருப்பார். கால் நடுங்கிச் சுமையைக் கீழே போட்டுவிட்டார். சாக்கு கிழிந்து அரிசி சரிவில் ஓடியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நான் போட்டுட்டேன். நீங்க போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார், தரையில் உட்கார்ந்தபடி.

"கூலி போகும் எசமான். சிந்துன அரிசிக்கும் நாங்கதேன் பதில் சொல்லணும்" என்றாள் ஆயம்மாள்.

"போட வேணாம். மெல்ல எறக்கி வச்சு எளைப்பாறலாம்ல?"

"எறக்கி விட ஒரு ஆளு வேணும், தூக்கி விட ஒரு ஆளு வேணும். இந்த ஏத்தத்துல யாரு யாருக்காக நிப்பா? நின்னா நின்னவளுக்கும் காலு மடங்கிப்போகும். மேல ஸ்டோருல விளக்கு வச்சதும் எடை போடுறத நிறுத்திருவாக."

"அப்ப இங்கதான் கல்லு வேணும். ஏன் வைக்கல?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கத்தை ஆயம்மாள்தான் சொன்னாள். "நல்லா இருக்கு உங்க நியாயம். ஒருத்தி செத்தாத்தான் மத்தவ மூச்சு விடலாமாக்கும்?" என்று சுருளிவேல் முகம் சிவக்கக் கேட்டுவிட்டு எழுந்தார்.

போர்டுக் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஏலக்காய் வியாபாரி ஜக்கையன், ஊருக்குள் ஒரு பூந்தோட்டமும் நாலு விளக்கும் போடலாமே, கூலிக்காரிகள் நடக்கிற பாதைக்கு எதற்கு இவ்வளவு என்றார். சுருளிவேல் சொன்ன பதில் போடி கடைத்தெருவில் வெகுநாள் உலவியது. "பூந்தோட்டமும் வேண்டியதுதானுங்க. சாயங்காலம் காத்தாட உக்காரணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். ஆனா நீங்க நாள் முழுக்கக் கடையில உக்காந்துட்டு, மறுபடி உக்கார எடம் கேக்குறீங்க. அவங்க இன்னும் ஒரு தடவகூட உக்காரல." ஜக்கையன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

இப்படியாகப் படி வெட்டவும், வடிகால் கட்டவும், ஊற்றுத் தண்ணீருக்குத் தொட்டி வைக்கவும் உத்தரவு வந்தது. கூடவே, சோலையம்மாள் கல்லுக்கும் மெட்டுக்கும் நடுவில், ஓடையை ஒட்டிய வளைவில் ஒரு சுமைதாங்கி. யாரும் சாகாமல், யார் பேரும் இல்லாமல். அதைச் செய்யக் கன்னையனைக் கூப்பிட்டார்கள்.

"எசமான், எனக்குத் தேவாரம் ரோட்டுலயே சோலி குடுங்க. மலக்காத்து ஒத்துக்காது" என்று கெஞ்சிப் பார்த்தான். கல் வேலையில் அவனை விட்டால் ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார் சுருளிவேல்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த வளைவில் கால் வைத்தபோது கன்னையனுக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. அதே பாறைச் சுவர். அதே ஓடை, இக்கரைக்கும் அக்கரைக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் பாதை ஓடையைச் சுற்றிக்கொண்டு போவதால் நடந்து கடக்க நேரமாகும். பிற்பகலில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து வளைவை மூடியது. மூடியதும் குரல் கேட்டது.

"எறக்கி விட்டுட்டுப் போங்களேன்…"

மொக்கம்மாளின் குரல். முதல் நாள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். வளைவில் யாரும் இல்லை, பாறையில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாளும் ஓடினான். மூன்றாம் நாள் ஓடவில்லை. குரல் வந்ததும் உளியை ஓங்கி அடித்தான். மூன்று தரம் கூப்பிடும், பிறகு நின்றுவிடும். அந்த மூன்றையும் உளிச்சத்தத்தால் அமுக்கிவிடப் பழகிக்கொண்டான். கூட வேலை செய்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கன்னையண்ணனுக்குச் சாயங்காலமானால் கைவேகம் கூடுது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். ஒரு மழைநாள் பிற்பகல். புருஷனும் பெண்சாதியும் அரிசி சுமந்து ஏறினார்கள். அவளுக்கு நாலு மாதம். இன்னும் வெளியே தெரியாத வயிறு, அவர்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவள் மூன்று கல்லிலும் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முன்னால் போய்விட்டது. ஸ்டோரில் எடை நின்றுவிடுமே என்று அவனுக்கு எரிச்சல். வளைவுக்கு வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "எறக்கி விட்டுட்டுப் போங்களேன்." அவன் திரும்பவில்லை. வருவாள், எப்போதும் இப்படித்தான், வந்துவிடுவாள் என்று நினைத்தான். இரண்டாவது தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் குரல் மெலிந்திருந்தது. அவன் மேலே ஏறிப் போய்ச் சுமையை எடை போட்டு, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பி இறங்கினான். மற்றவர்கள் இரவு மலையிலேயே தங்கிவிட்டார்கள். அவள் பாறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுமை அப்படியே தலையில் இருந்தது. இரண்டு கையும் மேலே போய்ச் சாக்கைப் பிடித்திருந்தன. அவன் சுமையை இறக்கினான். அதற்குப் பிறகுதான் அவள் சரிந்தாள்.

முந்தலுக்குத் தூக்கி வந்து, மலைக்காய்ச்சல் கண்டு பாதி வழியில் திரும்பிவிட்டாள், அடிவாரத்தில் உயிர் போனது என்று சொன்னான். அந்த வருஷம் காய்ச்சலில் பலர் செத்திருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. வயிற்றில் பிள்ளை என்று சொன்னால் கல் நட வேண்டும். எங்கே செத்தாள், ஏன் தனியாக இருந்தாள், நீ எங்கே போயிருந்தாய் என்று கேள்வி வரும். அவன் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். வேறு எந்த நியாயமும் அவனிடம் இல்லை.

சுமைதாங்கிக்கு எவ்வளவு உயரம் என்று சுருளிவேல் மற்ற மூன்று கல்லையும் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார். கன்னையன் கயிற்றை வைத்துத்தான் கோடு போட்டான். வெட்டி முடித்து நட்டுப் பார்த்தபோது கல் நாலு விரல் குட்டையாக இருந்தது. எப்படி அப்படி ஆனது என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தான். மொக்கம்மாள் மற்றப் பெண்களைவிட நாலு விரல் குட்டை. அவன் கை தானாகவே அவளுக்கு அளவெடுத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"என்னப்பா, இவ்வளவு தொழில் தெரிஞ்ச ஆளு, அளவு தப்பிட்டியே" என்றார் சுருளிவேல். "பரவால்ல, குட்டையான பொம்பளைகளும் இருக்காங்கள்ல" என்று விட்டுவிட்டார்.

பெண்கள் விடவில்லை. மறுநாள் சுமையோடு வந்தவர்கள் புதுக் கல்லைக் கண்டதும் எதிர்ப்புறப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தியும் இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, கல்லைத் தாண்டித்தான் போனார்கள். கல்லுக்கு ஆள் இருந்தால்தான் அது சுமையைத் தாங்கும். ஆள் இல்லாமல் முன்கூட்டியே நட்டால் அது தன் ஆளைக் கேட்கும். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டே நிற்கும். இதுதான் பேச்சு.

ஆயம்மாள் ஒருநாள் சுமையில்லாமல் வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "இது யாருக்கோ அளவெடுத்து வெட்டுன மாதிரில்ல இருக்கு" என்றாள். கூட நின்ற பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் கல்லைவிட உயரம். பிறகு மருமகளைப் பார்த்தாள். செல்லக்கிளி அம்மாவைப் போல. அதே உயரம், நூல் பிசகாது. ஆயம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் முந்தல் முழுவதும் தெரிந்துவிட்டது. போர்டு கல் செல்லக்கிளியைக் கேட்கிறது.

மறுநாள் மதியம் செல்லக்கிளியே அப்பனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அவன் குடித்து முடித்ததும் கலயத்தைக் கழுவி வைத்தாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

"ஏய்யா, ஊருல என்னென்னமோ சொல்றாக. நீ எனக்கு அளவெடுத்தா வெட்டுன?"

"கிறுக்குத்தனமாப் பேசாதத்தா. கை தப்பிப்போச்சு."

"ஒனக்கா கை தப்பும்?" அவன் கையை எடுத்துப் பார்த்தாள். "அத்தை புடுங்கி எறியச் சொல்லுது. எனக்கும் ராத்திரி ஒறக்கமில்ல. கண்ண மூடுனா அந்தக் கல்லு நிக்கிது. புடுங்கிரேன்யா."

அப்போதே சொல்லியிருக்கலாம். அது வெறும் கல் இல்லை, அதற்கு ஆள் இருக்கிறது, உன் அம்மா என்று ஒரு வார்த்தை போதும். பயம் தீர்ந்திருக்கும். அவளும் நாளைக்கு அதில் சுமையை இறக்கியிருப்பாள். ஆனால் சொன்னால், இந்தக் கையை இப்படிப் பிடித்திருக்க மாட்டாள். உலகத்தில் அவனுக்கு இருந்தது அந்த ஒரு பிடிதான். கன்னையன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓவர்சீர்ட்ட கேட்டுப் பாக்குறேன். நீ பிள்ள பெறுற வரைக்கும் மலைக்கு வராத."

கேட்டான். சுருளிவேல் கொதித்துப்போனார். "ஊரு காசுல ஊருக்காக நட்ட கல்லு. பேயி பிசாசுன்னு புடுங்கச் சொல்றியா? நாலு நாள் பேசுவாங்க. அஞ்சாம் நாள் கழுத்து வலிச்சா இறக்குவாங்க." அவர் சொன்னது எல்லாப் பெண்களுக்கும் சரிதான், ஒருத்தியைத் தவிர.

செல்லக்கிளி மலைக்கு வராமல் இருந்தது ஒன்பது நாள். பத்தாம் நாள் சோணைக்குக் காய்ச்சல் என்று மலையிலிருந்து தகவல் வந்தது. ஆயம்மாள் கிளம்ப, நானும் வருவேன் என்று அவளும் கிளம்பினாள். வெறுங்கையோடு போக வீட்டு நிலைமை விடவில்லை. கால் மூட்டை அரிசி, வழக்கமான சுமையில் பாதிதான், மெதுவாக வா என்று ஆயம்மாள் தலையில் ஏற்றிவிட்டாள். இதெல்லாம் கன்னையனுக்குத் தெரியாது. அவன் ஓடைக்கு அக்கரையில் வடிகால் சுவருக்குக் கல் கொத்திக்கொண்டிருந்தான்.

பிற்பகல் ஆனது. மேகம் ஏறியது. முதலில் பள்ளம் மறைந்தது, பிறகு எதிர்க்கரை மறைந்தது. ஆயம்மாளும் மற்றப் பெண்களும் கல்லைத் தாண்டி வந்து, அவனையும் தாண்டி மேலே ஏறிப் போனார்கள். மூச்சிரைப்பில் யாரும் பேசவில்லை. மருமகள் பின்னால் ஒட்டி வருகிறாள் என்றுதான் ஆயம்மாள் நினைத்திருந்தாள்.

"எறக்கி விட்டுட்டுப் போங்களேன்…"

கன்னையன் நிமிரவில்லை. உளியைக் கல்லில் வைத்து ஓங்கி அடித்தான்.

"எறக்கி விட்டுட்டுப் போங்களேன்… முடியல…"

இன்னும் ஓங்கி அடித்தான். முடியல என்று அவள் இதுவரை சொன்னதில்லையே என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தையும் சேர்த்து அடித்தான். தீப்பொறி பறந்து கையில் பட்டது. இன்னும் ஒரு தரம்தான், பிறகு நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அய்யா… அய்யா, நீ அங்கனதான இருக்க?"

உளி கையிலிருந்து விழுந்தது. மொக்கம்மாள் அவனை அய்யா என்று கூப்பிட மாட்டாள்.

மேகம் கொஞ்சம் விலகியது. எதிர்க்கரையில் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டு கையும் மேலே போய்ச் சாக்கைப் பிடித்திருந்தன. பக்கத்துக் கல்லைப் பார்க்கவே பயந்து முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

"கல்லுல வையித்தா! கல்லுல வையி!" என்று கத்தினான்.

"மாட்டேன்! அது என்னையக் கேக்குற கல்லு! நீ வாய்யா, வெரசா வா!"

சுற்றிக்கொண்டு ஓடினால் ஒரு வெற்றிலை போடும் நேரமாவது ஆகும். அவள் கால் அதுவரை நிற்காது. அவளுக்குப் பின்னால் அதே பாறைச் சுவர் இருந்தது. இன்னும் கொஞ்சத்தில் அதில் சாய்வாள். சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்?

"அது வெறுங்கல்லு இல்லத்தா! அதுக்கு ஆளு இருக்கு! ஒங்காத்தா கல்லு அது!"

"ஆத்தா காய்ச்சல்லதான செத்துச்சு?"

"இல்ல! நீ நிக்கிற எடத்துல செத்தா. தலைச் சொமையோட செத்தா. வயித்துல நாலு மாசம். எறக்கி விடச் சொல்லிக் கூப்பிட்டா. மூணு தரம் கூப்பிட்டா. நான் காதுல வாங்கிக்கிட்டே மேல ஏறிப் போயிட்டேன். ஊருக்குப் பொய் சொன்னேன். அந்தக் கல்லு அவ ஒசரந்தேன். அவளுக்குத்தேன் வெட்டுனேன். ஒன்னைய அது ஒண்ணும் செய்யாது, வையித்தா!"

மேலே போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஓடை அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னது. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. கன்னையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாக்கு கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

அவன் ஓடினான். விழுந்து எழுந்து முழங்கால் சிராய்த்து ஓடினான். போய்ச் சேர்ந்தபோது செல்லக்கிளி கல்லுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. மூச்சு சீராகியிருந்தது. சுமை குறுக்குக் கல்லில் பதமாக உட்கார்ந்திருந்தது. அவள் அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"நான் கூப்பிட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுத்தா."

"கூப்பிடக் கூப்பிட உளிச்சத்தம் பெருசாச்சு."

அவன் கை கட்டிக்கொண்டு நின்றான். "ஒங்காத்தான்னு நெனச்சேன். இங்க வந்ததுலருந்து தெனம் கூப்பிடுறா."

செல்லக்கிளி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஆத்தான்னு நெனச்சும் நீ வரல."

அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். முந்தானையில் சும்மாடு சுற்றினாள். "இரு, நான் தூக்கி விடுறேன்" என்று அவன் இரண்டு கையையும் நீட்டி முன்னால் வந்தான்.

"வேணாம்."

கல்லோடு ஒட்டி நின்றாள். உயரம் நூல் பிசகவில்லை. சுமை வழுக்கிக்கொண்டு வந்து அவள் தலையில் உட்கார்ந்தது. யார் கையும் படவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏற்றத்தில் நடந்தாள். மேலேயிருந்து இறங்கி வந்த ஆயம்மாள் வழியில் அவளைச் சேர்த்துக்கொண்டாள். கன்னையனைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து கல்லுக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து அது மொக்கம்மாள் கல். மெட்டுக்குப் போகும் ஒவ்வொரு சுமையும் அதில் இறங்கி ஏறியது. குட்டைக் கல்லுக்கு உயரமான பெண்கள் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் போர்டார் இன்னும் மேலே இரண்டு கல் நட்டபோது, ஆள் யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சுமையை இறக்கிய சுகம் உடம்புக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு யாருக்குப் பேர் வேண்டும்? சுருளிவேல் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும், நல்ல மனிதர்.

கன்னையனை ஊர் ஒதுக்கிவைத்தது. அவன் பாதையைப் பராமரிக்கும் வேலையை ஏற்று, மலையிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டான். மேகம் இறங்கும் நேரத்துக்கு வளைவுக்கு வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வான். குரல் வரவில்லை. மொக்கம்மாள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள், போய்விட்டாள். இப்போது கூப்பிட்டால் ஓடலாமே என்று ஏங்கினான். பன்னிரண்டு வருஷம் பயந்த குரலுக்காக இப்போது ஏங்கினான்.

செல்லக்கிளிக்குப் பெண் பிறந்ததையும், அதற்கு மொக்கம்மாள் என்று பேர் வைத்ததையும் வேறு யாரோ பேசிப்போகக் கேட்டான். ஆறு மாதம் கழித்து அவள் மறுபடி சுமையோடு வந்தாள், பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு. அவன் ஓடைக்கு அக்கரையில் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். ஒரே ஒரு தரம் அய்யா என்று கூப்பிடட்டும், ஒரே மூச்சில் போய் நிற்கலாம் என்று காலைத் தயாராக வைத்திருந்தான். அவள் கல்லில் சுமையைத் தள்ளி வைத்தாள், உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், எழுந்தாள், சுமையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.